வாடைக்காற்றில் கோடியக்கரை: டெல்டா வழியாக ஒரு மழைக்காலப் பயணம்

திருச்சிக்காரர்களுக்குக் கடல் என்றால் மே மாதம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் வேளாங்கண்ணி, ராமேசுவரம், காரைக்கால் என்று ஏதாவது ஒரு கரைக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தீபாவளியை ஒட்டி வந்த விடுமுறையில் நாங்கள் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டதற்குக் காரணம் என் மாமனார். மாமா பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது மதகு ஷட்டர்களை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். நீடாமங்கலத்தைச் சுற்றி மதகு, தலைப்பு, வாய்க்கால் என்றே அவர் வாழ்க்கை போனது. "ஆறு எங்க பொறக்குதுன்னு தலைக்காவேரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்க. அது எங்க போய் முடியுதுன்னு பிள்ளைங்களுக்கு யாரும் காட்டறதில்ல. மழைக்காலத்துல போனாத்தாம்மா அது தெரியும்" என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் கணவரும் மாறி மாறி வண்டி ஓட்ட, பின்னால் மாமா, எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். திருச்சியிலிருந்து தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வேளாங்கண்ணியில் தங்கி, கடற்கரைச் சாலையில் வேதாரண்யம், கோடியக்கரை பார்த்துவிட்டு, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் திரும்புவது என்று திட்டம். போய்வந்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையை மழைக்காலத்தில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்பதை மழையும் காற்றும் முடிவு செய்ய விட்டுவிட வேண்டும். ஒரே நாளில் நான்கு ஊர் பார்த்தாக வேண்டும் என்று நினைப்பவர்கள் மே மாதத்திலேயே போவது நல்லது.

புறப்படும் நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தினமும் ஒரே சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகும், அடித்துப் பெய்யும், கரையைக் கடந்து வலுவிழக்கும். அப்புறம் சில நாள் வெறும் தூறலும் மேகமுமாக ஓடும். அந்த இடைவெளியைத்தான் பிடிக்க வேண்டும். வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. எங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட விதி இது: மஞ்சள் என்றால் பகலில் மட்டும் வண்டி நகரலாம், ஆரஞ்சு என்றால் இருக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும், சிவப்பு வரும் என்று இரண்டு நாள் முன்பே தெரிந்தால் திருச்சிக்குத் திரும்பிவிட வேண்டும். போகிற மாவட்டத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர் மூன்றையும் பார்க்க வேண்டும். டெல்டாவில் மேலே பெய்கிற மழை அடுத்த நாள் கீழே வந்து நிற்கும்.

இதை எங்களுக்குச் சொன்னதும் மாமாதான்.

வண்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வைப்பர் ரப்பரை மாற்றினோம். டயர் பள்ளம் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் தண்ணீர் ஓடும் சாலையில் அது போதாது என்று மெக்கானிக் சொன்னதால் தேய்ந்திருந்த முன் டயர்கள் இரண்டையும் மாற்றினோம். மழையில் கண்ணாடி உள்பக்கம் பனிபோலப் படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டக்கூடாது. ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடவில்லை. கையில் ரொக்கம் வைத்துக்கொண்டோம். மின்சாரம் போனால் ஏடிஎம்மும் இல்லை, ஜிபேயும் இல்லை. மாமாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கூடுதலாகச் சில நாளுக்குச் சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் போட்டு முன் சீட்டிலேயே வைத்தேன். டிக்கியில் வைத்தால் கொட்டும் மழையில் எடுக்க முடியாது. குடை, துண்டு, மாற்று உடை, பிஸ்கட், சுக்குக் காபி பிளாஸ்க் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கை எட்டும் இடத்தில் இருந்தால்தான் அது மழைப் பயணத்துக்கு உதவும் பொருள்.

தஞ்சாவூரைத் தாண்டியதும் டெல்டா சாலை தன் குணத்தைக் காட்டத் தொடங்கும். இருபக்கமும் சம்பா நடவு முடிந்து பச்சை பிடித்த வயல். சாலைக்கும் வயலுக்கும் நடுவே வாய்க்கால். எதிரே பேருந்து வந்தால் இடது சக்கரத்தைத் தாரிலிருந்து இறக்கி வழிவிடுவது நம் பழக்கம். மழைக்காலத்தில் டெல்டாவில் அதைச் செய்யவே கூடாது. ஓரம் முழுக்கக் களிமண். மேலே புல் இருக்கும், பார்க்க உறுதியாகத் தெரியும், கார் எடை ஏறியதும் வழுக்கி வாய்க்கால் பக்கம் இழுக்கும். அம்மாபேட்டை தாண்டி ஒரு வேன் அப்படிச் சாய்ந்து நின்றதையும், ஊர்ச் சனம் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்ததையும் பார்த்தோம். நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. குறுகலான இடத்தில் எதிரே பெரிய வண்டி தெரிந்தால் முன்கூட்டியே அகலமான இடம் பார்த்து நின்றுவிடுவதுதான் வழி. பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

இன்னொன்று மாடுகள். வயலும் திட்டும் ஈரமாக இருப்பதால் அவை தார்ச்சாலையில் வந்து படுத்துக்கொள்கின்றன. தூறலில் கறுப்பு மாடும் கறுப்புத் தாரும் ஒன்றாகத்தான் தெரியும். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு முதல் காரணம் மழையில்லை, மாடுதான். மாலை ஐந்து மணிக்கு எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊரில் இரவு தங்குவது என்று பேசிவைத்திருந்தோம். நவம்பரில் மேகம் கவிந்தால் ஐந்தரைக்கே விளக்குப் போடும் இருட்டு வந்துவிடுகிறது.

சில இடங்களில் குறுவை நெல்லைச் சாலையோரம் காயப்போட்டுத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கத் தயங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் வெயில் வந்தாலும் தார்ப்பாயைப் பிரித்துச் சாலையிலேயே உலர்த்துகிறார்கள். நெல்மேல் சக்கரம் ஏறினால் வண்டியும் வழுக்கும், அவர்கள் மாதக்கணக்கில் உழைத்ததும் நசுங்கும். அந்த இடங்களில் நடந்து போகிற வேகத்தில் போனோம். மழை இறங்கியதும் ஒரு குடும்பமே ஓடிவந்து தார்ப்பாயை இழுத்துப் போர்த்துவதைப் பார்த்து மகள் கார் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். "அவங்களுக்கு மழை வேணுமா வேண்டாமாம்மா?" என்று கேட்டாள். சம்பாவுக்கு வேண்டும், குறுவைக்கு வேண்டாம் என்று மாமா விளக்கினார். ஒரே வீட்டுக்காரருக்கு இரண்டும் இருக்கும்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வண்டியை நிறுத்தச் சொன்னார் மாமா. வெண்ணாறு வந்து, பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிற இடம். ஷட்டர்களுக்குக் கீழே செந்நிறத் தண்ணீர் சுழித்து ஓடியது. இவ்வளவு சத்தத்தை எதிர்பார்க்காத மகன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டான். குடையைப் பிடித்தபடி மாமா சொன்னதுதான் இந்தப் பயணத்தில் நான் கற்ற முக்கியமான பாடம். என்னால் முடிந்தவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

டெல்டாவில் மழை பெய்வது பிரச்சினையே இல்லை. பெய்த தண்ணீரைக் கடல் வாங்குகிறதா என்பதுதான் கேள்வி. மேலே அடைமழை என்றால் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் விடுகிற தண்ணீரைக் குறைத்து, உபரியைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அப்போது ஆறுகளுக்கு வயல்களை வடிப்பதுதான் வேலை. ஆனால் கடைமடைப் பக்கம் நிலம் ஏறக்குறையக் கடல் மட்டத்திலேயே கிடக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும். வாடைக்காற்றும் சேர்ந்து அலையைக் கரைப்பக்கம் தள்ளினால் முகத்துவாரத்தில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். கடைமடையில் ஷட்டர் வைத்த தடுப்புகளான இயக்கு அணைகளில் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறாமல் ஷட்டரை இறக்க வேண்டியிருக்கும். கடல் இறங்கும் நேரம் பார்த்துத் தூக்க வேண்டும். போதாக்குறைக்கு வெங்காயத்தாமரை வந்து அடைத்துக்கொள்ளும். அப்போது மழை நின்று ஒரு நாள் ஆனபிறகும் சாலையில் தண்ணீர் நிற்கும்.

"அதனால கீழ போகும்போது மழை நின்னுடுச்சான்னு கேக்காதம்மா. கடல் வாங்குதான்னு கேளு" என்றார்.

அதன்பிறகு நாங்கள் வழி கேட்ட ஒவ்வொரு டீக்கடையிலும் அப்படித்தான் கேட்டேன். கேள்வியைக் கேட்டதுமே ஆட்கள் நம்மிடம் பேசும் விதம் மாறிவிடுகிறது. "நீங்க எந்த ஊரும்மா?" என்று ஆரம்பித்து, எந்தச் சாலையில் நேற்றிரவு தண்ணீர் ஏறியது, எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எந்தக் குறுக்குவழியை மேப் காட்டினாலும் போகக்கூடாது என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். கைப்பேசி வரைபடம் தூரம் குறைவான வழியைக் காட்டும். டெல்டாவில் அது பெரும்பாலும் ஒரு வாய்க்கால் கரையாக இருக்கும். திருவாரூருக்குப் பிறகு ஒருமுறை அப்படிக் காட்டியபோது டீக்கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பெரிய சாலையிலேயே போனோம்.

சாலையில் தண்ணீர் ஓடுகிற இடம் ஒன்றே ஒன்று வந்தது. எதிரே வந்த பைக்கின் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று நின்று பார்த்தோம். கார் சக்கரத்தில் பாதி உயரத்துக்குக் கீழே என்று தெரிந்த பிறகு, முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரை விடாமல், சாலையின் நடுவில் மெதுவாகக் கடந்தோம். அதற்கு மேல் ஆழம் என்றால் திரும்பிவிட வேண்டியதுதான். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பக்கூடாது என்பதையும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருப்பலில் உள்ளே எல்லாம் வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து மெக்கானிக்கைக் கூப்பிடுவதே வழி. கடந்து வந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து உலர்த்திக்கொள்ள வேண்டும். ஆற்றுப் பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் எந்த உயரமாக இருந்தாலும் போகக்கூடாது. நிற்கிற தண்ணீர் வேறு, இழுக்கிற தண்ணீர் வேறு.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவில் கால் வைக்க இடம் இருக்காது. மழைக்காலத்தில் அறை கிடைப்பது சுலபம். ஆனால் அறையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நாங்கள் முதலில் போன விடுதியில் ஜெனரேட்டர் இருப்பதாகப் போனில் சொன்னார்கள். போய்க் கேட்டால் அது வரவேற்பறை விளக்குக்கு மட்டும்தானாம். மெத்தை ஈரவாடை அடித்தது. மாமாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படி ஏற முடியாது, தரைத்தளத்தில் மழைநீர் வருமோ என்ற பயம் வேறு. கொஞ்சம் தேடி, தெருவைவிட நான்கைந்து படி உயர்த்திக் கட்டிய கட்டடத்தில் கீழ் அறை எடுத்தோம். பெரியவர்களோடு போகிறவர்கள் இதைத்தான் தேட வேண்டும்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். மே மாதத்தில் பார்த்த கடல் இல்லை அது. நிறமே மாறி, ஆறு கொண்டுவந்த சேற்றின் பழுப்பு வெகுதூரம் வரை பரவியிருந்தது. அலை வரிசையாக வராமல் குறுக்கும் நெடுக்குமாக வந்தது. படகுகளை எல்லாம் வழக்கமான இடத்துக்கும் மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். மகன் கால் நனைக்கக் கேட்டான். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்தே வந்தார். "வாடை கிளம்பிடுச்சும்மா. இப்ப கரையோரம் மணல வெட்டி வெட்டி எடுத்துட்டுப் போவும். நேத்து முழங்கால் தண்ணி நின்ன எடத்துல இன்னைக்கு ஆளு முழுகும். பிள்ளைய ஈர மணலுக்கு இந்தப் பக்கமே வச்சுக்க" என்றார். நான் கேட்காமலேயே அலை உடையாமல் சமமாக, கறுத்துத் தெரிந்த ஒரு பட்டையைக் காட்டினார். பார்க்க அந்த இடம்தான் அமைதியாக இருந்தது. கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குள் திரும்பிப் போகிறது, ஆளையும் சேர்த்து இழுக்கும் என்றார். வெளியூர்க்காரர்கள் அலை இல்லை என்று நம்பி இறங்குவதும் அங்கேதான். அப்படி யாராவது மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையைவிட்டு வெளியேறிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவரைக் காப்பாற்ற நீந்தத் தெரியாதவர் இறங்கக்கூடாது. கயிறோ, கேனோ, எது மிதக்குமோ அதை வீச வேண்டும்.

இந்தக் கரையில் கடலைப் பற்றி ஒருவர் எச்சரித்தால் அதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பேசுகிறவர் யாரை இழந்தவரோ, நமக்குத் தெரியாது. கடலில் காலே நனைக்காமல் பிள்ளைகள் அன்று மாலை முழுவதும் நண்டுவளைகளையும், ஓடும் குட்டி நண்டுகளையும், அலை ஒதுக்கிய சிப்பிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் அலையின் சத்தத்தைப் பதிவு செய்தாள். குளிக்க முடியாததால் ஏமாற்றம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் நாகைக்கு ஆரஞ்சு. பேசிவைத்தபடி நகரவில்லை. நாகப்பட்டினம் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தி. ஒன்றாம் எண் என்றால் புயல் தொலைவில், எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது, பத்து என்றால் பெரும் ஆபத்து என்று மாமா பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் நாகூர் தர்காவுக்கு மட்டும் போய்வந்தோம். வேளாங்கண்ணியிலிருந்து அரை மணி நேரம் சொச்சம்தான். ஐந்து மினாராக்களில் 131 அடி உயரமானது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. சூடாக இறால் வாடா வாங்கித் தின்றுவிட்டு அறைக்குத் திரும்பினோம். மீதி நாள் சீட்டு விளையாட்டும் தூக்கமும். குடும்பமாகப் போகும்போது இப்படி ஒரு சும்மா இருக்கும் நாளைத் திட்டத்திலேயே வைத்துவிட்டால் யாருக்கும் யார்மேலும் கோபம் வராது. தங்கும் செலவையும் அதற்கேற்பக் கூடுதலாகவே போட்டுவைத்திருந்தோம்.

அடுத்த நாள் மேகம் பிரிந்தது. திருப்பூண்டி வழியாக வேதாரண்யம் போகிற சாலையில் கஜா புயலின் தழும்பு இன்னும் தெரிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தபோது தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இப்போது இளங்கன்றுகள் தலைதூக்கியிருக்கிற தோப்புகளுக்கு நடுவே உயரமான பழைய மரம் ஒன்றிரண்டு தனியாக நிற்கிறது. அந்த உயர வித்தியாசத்தைப் பார்த்தே புயல் எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது.

"திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்று மாமா காரில் சொல்லச்சொல்லப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். மூன்று ஊரும் எங்கள் வழியில் வருவதால் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. வேதாரண்யத்தில் மறைக்காட்டுநாதர் கோயிலுக்குள் நுழைந்தபோது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு ஒதுங்கப் பழைய கோயில் மண்டபத்தைப்போல ஒரு இடம் கிடையாது. அப்பர் பாடிக் கதவு திறந்ததையும் சம்பந்தர் பாடி அது மூடியதையும், அணைய இருந்த விளக்கின் திரியைத் தெரியாமல் தூண்டிவிட்ட எலி மறுபிறவியில் மகாபலியாகப் பிறந்ததையும் மாமா சொல்லி முடிப்பதற்குள் மழையும் நின்றது. மகனுக்கு எலிக் கதைதான் பிடித்தது.

அகத்தியம்பள்ளியில் உப்பு சத்தியாக்கிரக நினைவுத்தூணைப் பார்த்தோம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடக்கத் தொடங்கியது எங்கள் திருச்சியிலிருந்துதான். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக இங்கே வந்து, ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். கார் வைத்துக்கொண்டே நமக்கு இத்தனை யோசனை, அவர்கள் கோடை வெயிலில் நடந்தே வந்தார்கள் என்று கணவர் சொன்னார். "உப்பு எங்கம்மா?" என்றான் மகன். அது நல்ல கேள்வி. மழைக்காலத்தில் உப்பளம் வெறும் ஏரி. பாத்தியும் தெரியாது, வரப்பும் தெரியாது, கண்ணுக்கெட்டிய தூரம் மழைத்தண்ணீர். கோடையில் வாரிய உப்பைக் குன்றுகளாகக் குவித்து மேலே பனையோலை போட்டுக் காத்துவைத்திருக்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு இந்தத் தண்ணீரை இறைத்து, பாத்தியை மிதித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உப்பள வேலையாட்களுக்கு இந்த மாதங்களில் கூலி இல்லை. மழை நமக்குச் சுற்றுலாவாக இருக்கும் அதே நேரத்தில் இவர்களுக்கு அடுப்பு எரிவது கஷ்டம் என்பதை மகளிடம் சொன்னேன். அன்று நிறையச் செலவு செய்யும் வாய்ப்பு இல்லாவிட்டாலும், சாப்பாடு, டீ, கருவாடு எல்லாம் அந்த ஊர்க் கடைகளிலேயே வாங்கினோம்.

கோடியக்கரை வேதாரண்யத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கேதான் சோழமண்டலக் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை. வாடைக்காற்று நேராக மோதாத மறைவு அந்தத் தெற்குப் பக்கத்துக்குக் கிடைப்பதால் வேளாங்கண்ணியில் பார்த்த சீற்றம் அங்கே இல்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே மீன்பிடி சீசன். வெளியூர் மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். காலா, வாவல், நண்டு எல்லாம் வந்திறங்கிக்கொண்டிருந்தது. மற்ற கரைகள் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் இந்த ஒரு கரை சந்தைபோல இருக்கிறது.

சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. 2002இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. வெளிநாட்டுப் பறவைகள் அக்டோபரிலிருந்து வரத் தொடங்கும். ஆனால் கனமழைக்குப் பிறகு சதுப்பில் தண்ணீர் ஆழமாகிவிட்டால் பூநாரைகள் நிற்க முடியாமல் ஆழம் குறைந்த இடம் தேடிப் போய்விடும் என்று அங்கிருந்த வனக்காவலர் சொன்னார். அவற்றுக்காகவே வருகிறவர்கள் மழை ஓய்ந்து தண்ணீர் வற்றும் டிசம்பர் கடைசி, ஜனவரியில் வருவது நல்லது. மண்பாதைகள் சேறாக இருந்ததால் உள்ளே காரை விடவில்லை. அது சரியான முடிவு. மாட்டிக்கொண்டால் அங்கே இழுக்க ஆள் கிடைக்காது. சாலையிலிருந்தே புல்வெளியில் வெளிமான் கூட்டம் கிடைத்தது. மழை குடித்த பசும்புல்லில் முறுக்கிய கொம்போடு கறுத்த ஆண்மான் ஒன்று எங்களைப் பார்த்தபடி நின்றது. வெயில் காலத்தில் காய்ந்த புல்லில் இந்த அழகு வராது. குரங்குகள் உண்டு. தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரைவிட்டு இறங்கக்கூடாது.

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் திரும்பும்போது நிற்காத தூறல். இரண்டு இடத்தில் வயலும் சாலையும் ஒன்றாகியிருந்தன. ஊர்க்காரர்களைக் கேட்டுச் சுற்றிப் போனதில் மன்னார்குடி வந்துசேரக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆனது. கடல் நேற்று இரவிலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது, நாளைக்குள் சாலை வெளியே வந்துவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு மாமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மதிலழகைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே தஞ்சாவூர் வந்து சேர்ந்தோம்.

வீடு வந்த பிறகும் வேலை இருக்கிறது. கடற்காற்றும் சேறும் படிந்த வண்டியின் அடிப்பகுதியை மறுநாளே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், தள்ளிப்போட்டால் துரு பிடிக்கும். கால் மிதியடிகளை எடுத்துவிட்டுக் கதவுகளைத் திறந்து உள்ளே காற்றாட விட வேண்டும். பிள்ளைகள் எங்காவது தேங்கிய தண்ணீரில் கால் வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் வெள்ளத் தண்ணீரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போகும் வழியில் ஏதாவது ஆனால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070, ஆம்புலன்ஸ் 108. இவற்றைக் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள்.